தம்பிக்கு பிஸ்டல் ஹோல்ஸ்டர் வாங்கணும்: இடுப்பா, தொடையா, நெஞ்சா?

பள்ளத்தூர்அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். தம்பி சென்னை ஓடிஏ-வுல (ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம்) பயிற்சி முடிச்சு லெப்டினன்ட் ஆயிட்டான். அடுத்த மாசம் லீவுல வர்றான். அப்பச்சி, "கைக்கடிகாரம், செயினெல்லாம் வேண்டாம், அவன் தொழிலுக்கு ஆகுற சாமானா வாங்கிக் குடு"ன்னு சொல்லிட்டாக. பிஸ்டல் உறை வாங்கலாம்னு நினைச்சேன். ஆன்லைன்ல பார்த்தா தலை சுத்துது. தோல், நைலான், கைடெக்ஸ் (ஏதோ கெட்டி பிளாஸ்டிக்காம்)னு என்னென்னவோ இருக்கு. இடுப்புக்கு ஒண்ணு, தொடைக்கு ஒண்ணு, நெஞ்சுக்கு ஒண்ணு. விலை முந்நூறுலேருந்து இருபதாயிரம் வரைக்கும் போகுது. எதை வாங்குறது, எங்க மாட்டுறது? எனக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாது.

ஹெட்ஷாட்காரைக்குடி:
அக்கா, தொடையில கட்டுறதுதான் மாஸ். கண்ணை மூடிட்டு வாங்குங்க.

தேவகோட்டைசுபேதார்:
ஆச்சி, மேலே உள்ள தம்பி கேம்ல சுட்டவர். நான் காலாட்படையில 28 வருசம் இருந்தவன். முதல்ல மூணு விஷயம் சொல்லிடுறேன்.

தம்பி எந்த யூனிட், எங்க போஸ்டிங்னு இங்கே எழுதாதீங்க. யார் கேட்டாலும் எழுதாதீங்க.

ரெண்டாவது, சொந்தமா வாங்கின ஹோல்ஸ்டரை மாட்ட யூனிட்ல அனுமதி இருக்கான்னு அவர்கிட்டயே கேளுங்க. சில இடத்துல கொடுத்ததைத்தான் போடணும். சில இடத்துல சாப் (மேலதிகாரி) கண்டுக்க மாட்டார்.

மூணாவது, என்ன பிஸ்டல்னு தெரியாம உறை வாங்குறது, கால் அளவு தெரியாம செருப்பு வாங்குற மாதிரி. நம்ம ராணுவத்துல ரொம்ப காலமா புழங்குறது இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி செய்யுற 9 எம்எம் 1ஏ. 1935-ல பெல்ஜியத்துல வந்த பிரவுனிங் ஹை-பவர் இருக்கே, அந்த வம்சம். இரண்டாம் உலகப் போர்ல கனடாவுல இங்லிஸ் கம்பெனி அதைச் செஞ்சுது, அந்த வழியா நமக்கு வந்தது. மேகசின்ல 13 ரவை. ரவை நிரப்பினா ஒரு கிலோவைத் தாண்டும். சில படைகள்ல க்ளாக்னு வேற பிஸ்டல் இருக்கு. க்ளாக்குக்கு வார்த்த கைடெக்ஸ் உறையில 1ஏ உட்காராது. "எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும்"னு போட்டு முந்நூறு ரூபாய்க்கு விக்கிறானே, அது எதுக்கும் பொருந்தாது. சாக்குப்பை அது. ட்ரிகரை மூடாது, ஓடினா கீழே விழும்.

பள்ளத்தூர்அக்கா:
ஃபோன்ல கேட்டுட்டேன் ஐயா. நீங்க சொன்ன 1ஏ-தானாம். யூனிட்ல சொந்த ஹோல்ஸ்டர் போட்டுக்கலாம், ஆனா கருப்பு இல்லாட்டி பச்சையா இருக்கணுமாம். எங்க மாட்டுறதுன்னு கேட்டேன். "நீ வாங்கு, நான் பார்த்துக்குறேன்"னு சொல்லி வச்சுட்டான்.

தேவகோட்டைசுபேதார்:
"பார்த்துக்குறேன்"னு சொல்றவங்கதான் மூணு ஹோல்ஸ்டர் வாங்கிப் பரண்ல போடுவாங்க. நானும் அப்படித்தான்.

எங்க மாட்டுறதுங்கிறதை அழகு பார்த்து முடிவு பண்ணக் கூடாது. எதுல உட்கார்றோம், உடம்புல வேற என்ன தொங்குது, ரெண்டையும் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

சும்மா பெல்ட்டு மட்டும்னா வலது இடுப்பு. பேன்ட் தையலுக்குச் சரியா, இல்லை ஒரு விரக்கடை பின்னால. கை தொங்குற இடத்துலயே பிடி இருக்கும். ராத்திரி தூக்கக் கலக்கத்துலயும் கை தானா அங்கே போகும். இதுக்கு மேல நல்ல இடம் கிடையாது.

புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட் போட்டதும் கதை மாறுது. ஜாக்கெட்டோட கீழ் விளிம்பு பிஸ்டல் பிடி மேலயே வந்து உட்காரும். விரல் நுழைய இடம் இருக்காது. அதுக்கு மேல பிட்டு (முதுகுப் பை) மாட்டி அதோட இடுப்புப் பட்டையையும் இறுக்கினா, பிஸ்டல் இருக்குறதே மறந்துபோகும். அப்போ உறையை பெல்ட்டுலேருந்து நாலு விரக்கடை கீழே இறக்கணும். அவ்வளவு போதும். முழங்கால் வரைக்கும் இறக்கக் கூடாது.

அடுத்தது வண்டி. இதை அமெரிக்க வீடியோவுல சொல்ல மாட்டான், ஏன்னா அவனுக்கு இந்தப் பிரச்சினை வேற சீட்ல. அமெரிக்காவுல டிரைவர் இடது பக்கம் உட்கார்றான், சீட் பெல்ட் கொக்கி அவன் வலது இடுப்புல இருக்கு. நம்ம ஊர்ல டிரைவர் வலது பக்கம், அவனுக்குக் கொக்கி இடது இடுப்புல. ஆனா நம்ம ஆபீசர் எங்கே உட்கார்றார்? டிரைவருக்குப் பக்கத்துல, முன் இடது சீட்ல. அவருக்குக் கொக்கி சரியா வலது இடுப்புல, ஹோல்ஸ்டர் மேலயே வரும். அவசரத்துல பெல்ட்டைக் கழட்டப் போன கை உறையோட பூட்டைக் கழட்டும், இல்லாட்டி பட்டை உறையில மாட்டிக்கும். நான் பார்த்திருக்கேன். சாப் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வச்சு, பாதி தொங்கிக்கிட்டு நின்னார். சிரிக்கவும் முடியலை, சிரிக்காம இருக்கவும் முடியலை.

இரும்புக்குதிரை:
சுபேதார் சாப் சொன்னதுல கடைசி வரி அருமை 😄 நான் டாங்கி ரெஜிமென்ட், தஃபேதாரா ஓய்வு. ஊர் கோட்டையூர்.

தொடை விஷயத்தை நான் சொல்றேன். ஹெட்ஷாட் தம்பி, இந்த மாஸ் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? 1980 மே மாசம் லண்டன்ல ஈரான் தூதரகத்துக்குள்ள எஸ்ஏஎஸ்ங்கிற பிரிட்டிஷ் கமாண்டோ படை புகுந்தாங்க. உலகமே டிவியில பார்த்துச்சு. அவங்க தொடையில கட்டியிருந்தது இந்த 1ஏ-வோட அண்ணன், பிரவுனிங் ஹை-பவர். ஜாக்கெட்டும் சாமானும் இடுப்பை அடைச்சுக்கிட்டதால இறக்கிக் கட்டினாங்க. வேலை கொஞ்ச நேரம், கட்டடத்துக்குள்ள. அதைப் பார்த்துட்டு உலகம் பூரா கட்ட ஆரம்பிச்சாங்க.

ஆனா அதுக்கு 40 வருசம் முன்னாலயே டாங்கிக்காரன் இந்தப் பாடத்தைப் படிச்சாச்சு. பிரிட்டிஷ்காரன் 1937 பேட்டர்ன் கேன்வாஸ் சாமான்ல டாங்கி ஆளுங்களுக்குன்னே ஒரு ரிவால்வர் உறை செஞ்சான். முன்னால ஆறு தோட்டா செருக வளையம், நீள வால், தொடையைச் சுத்திக் கட்டப் பட்டை. உட்கார்ந்து எடுக்க வசதின்னு நினைச்சான். டாங்கி மூடி வழியா வெளியே ஏறும்போது அது போய் விளிம்புல கொக்கி போட்டுச்சு. டாங்கி எரியும்போது அதுல மாட்டினா என்ன ஆகும்? வாலை வெட்டி மேலே ஏத்திட்டான். அமெரிக்காக்காரன் டாங்கிக்குத் தோள் உறை கொடுத்தான்.

தொடையில கட்டினா ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிலோ தொடையில ஆடும். பட்டையை இறுக்கினா கால் மரத்துப்போகும், தளர்த்தினா முழங்காலுக்கு இறங்கும். நானே ஒரு தடவை பயிற்சியில கட்டிக்கிட்டு மூணு கிலோமீட்டர் ஓடினேன். முடிஞ்சப்போ பிஸ்டல் முட்டிக்குப் பின்னால இருந்துச்சு.

ஹெட்ஷாட்காரைக்குடி:
சரி அண்ணே, சரண்டர். அப்போ நெஞ்சுல?

இரும்புக்குதிரை:
நெஞ்சு நல்ல இடந்தான், வண்டியிலேயே இருக்கிறவனுக்கும் பைலட்டுக்கும். உட்கார்ந்தாலும் நின்னாலும் கைக்கு எட்டும், சீட் பெல்ட் தொடாது. ஆனா கவிழ்ந்து படுத்தா அது மேலதான் படுக்கணும். உருவும்போது குழாய் முனை இடது பக்கம் நிக்கிறவன் மேலயும் உன் இடது கை மேலயும் போயிட்டுத்தான் எதிரிக்குப் போகும். கக்கத்துல படுக்கை வசத்துல தொங்குற தோள் உறையில இன்னும் மோசம். பின்னால வரிசையில நிக்கிறவன் வயித்தை நாள் பூரா குறி பார்த்துக்கிட்டே இருக்கும்.

முதுகு நடுவுல வைக்கிறதுன்னு ஒண்ணு உண்டு. மல்லாக்க விழுந்தா தண்டுவடத்துல இரும்பு. அதோட விட்டுடுங்க.

எல்லைக்காவல்பெண்:
நான் எல்லைக் காவல்ல இருக்கேன், ஊர் திருப்பத்தூர் பக்கம். பொம்பளைங்களுக்கு ஒண்ணு சொல்லணும், யாரும் சொல்ல மாட்டாங்க. நமக்கு இடுப்பு எலும்பு அகலம். உறை அதுமேல சாய்ஞ்சு, பிடி உள்ளே திரும்பி விலா எலும்புல குத்தும். முதல் ஆறு மாசம் எனக்கு வலது பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருப்புத் தழும்பு. கொஞ்சம் கீழே இறங்கி, உடம்பை விட்டு விலகி நிக்கிற மாதிரி தண்டு வச்ச மாட்டி கிடைக்குது. அது போட்ட பிறகுதான் மூச்சு விட்டேன். ஆம்பளைங்களே, தொப்பை விழுந்தா உங்களுக்கும் அதே கதைதான்.

32லைசென்ஸ்:
என்கிட்ட .32 ரிவால்வர் லைசென்ஸோட இருக்கு. சுபேதார் ஐயா சொன்ன அதே மாதிரி மிலிட்டரி உறை வாங்கி வெளியே தெரியுற மாதிரி கட்டலாமா? தோப்புக்குப் போகையில கெத்தா இருக்கும்.

மட்டுறுத்துநர்:
32லைசென்ஸ், 1959 ஆயுதச் சட்ட லைசென்ஸ் தற்காப்புக்கு, கெத்துக்கு இல்லை. வெளியே தெரியாம மூடி எடுத்துட்டுப் போங்க. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்க, அதையும் மறக்காதீங்க. 9 எம்எம் நம்மளை மாதிரி ஆளுங்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். இந்த இழையை உங்க ரிவால்வரோட கலக்க வேண்டாம்.

32லைசென்ஸ்:
சரி சார். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு கல்யாணத்துல பந்தியில சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பாயசம் வர்ற வரைக்கும் கூட தாங்கலை. பாதியில எந்திரிச்சதுக்கு மாமியார் வீட்டுல இன்னும் பேச்சு வாங்குறேன்.

ஆவாரம்பட்டை:
ஆச்சி, நான் காரைக்குடியில தோல் வேலை செய்யுறவன். பெல்ட், பை, செருப்பு. இலுப்பைக்குடி ஐடிபிபி (இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை) பயிற்சி மையத்துப் பசங்க பெல்ட் தைக்கக் கொண்டுவருவாங்க. பரிசுன்னா தோல்தானே அழகு? நான் திண்டுக்கல், திருச்சி பக்கத்துத் தோல்தான் எடுப்பேன். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துற முறை நம்ம ஊரு முறை. விறைப்பா நிக்கும், ஈரத்துல ஊறவச்சு அமுக்கினா அச்சு அப்படியே பிடிக்கும். குரோம் தோல் தொளதொளன்னு இருக்கும், உறைக்கு ஆகாது.

அச்சுக்கு பிஸ்டல் வேணும். நிஜ பிஸ்டல் லீவுல வீட்டுக்கு வராது, கோத்துலதான் (யூனிட் ஆயுத அறை) இருக்கும்னு எனக்குத் தெரியும். மரத்துல மாதிரி செய்யலாம். பக்கத்துல ஆசாரி இருக்கார், பழைய வீடு பிரிச்ச பர்மா தேக்குத் துண்டு நிறையக் கிடக்குது.

தேவகோட்டைசுபேதார்:
மர பிஸ்டலை பஸ்ல எடுத்துட்டுப் போயிடாதீங்கய்யா. ஒரு தடவை எங்க பேரன் பொம்மைத் துப்பாக்கியால பஸ் ஸ்டாண்டே கலவரமாச்சு.

துருக்காரன்:
நான் இங்கே சிக்ரியில் (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வகப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுக்க இரும்பு துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால் ஒரு வார்த்தை.

தோல் உறை மாட்டுவதற்கு நல்லது, பிஸ்டலை அதிலேயே வைத்திருப்பதற்கு நல்லதல்ல. எந்த முறையில் பதப்படுத்தினாலும் தோலுக்குள் உப்போ அமிலமோ கொஞ்சம் தங்கும். ஆவாரம்பட்டைத் தோலில் இருக்கும் டானின் அமிலத்தன்மை உள்ளது. அதோடு தோல் காற்றிலுள்ள ஈரத்தையும் மனிதனின் வியர்வையையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வியர்வை என்பது உப்புத் தண்ணீர். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் இடுப்பில் மாட்டிய உறையின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், நமநமவென்று இருக்கும். அதற்குள் ராத்திரி முழுக்க எஃகை வைத்தால், காலையில் விரல் படும் இடங்களில் மஞ்சள் பொடியாகத் துரு கிளம்பும். பித்தளைத் தோட்டாவைத் தோல் வளையத்தில் மாதக்கணக்கில் விட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். நம் வீட்டுப் பித்தளை அண்டாவில் புளிக்குழம்பு வைத்த மாதிரி. கடலோரமாக இருந்தால் இன்னும் வேகம். உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று பார்க்கவே எங்கள் நிறுவனம் மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது.

நைலான், கைடெக்ஸ் இரண்டும் ஈரத்தை அப்படி உறிஞ்சாது. ஆனால் கைடெக்ஸ் சூட்டில் இளகும் பிளாஸ்டிக். சூடாக்கித்தான் அதை வார்க்கிறார்கள். வெயிலில் நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டில், மேலே பாரத்தோடு போட்டுவைத்தால் வாய் நெளியலாம். அதற்குள் மணல் புகுந்தால் ஒவ்வொரு முறை உருவும்போதும் பிஸ்டலின் கருப்புப் பூச்சை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஓடுகிற தண்ணீரில் கழுவி உலர்த்தினால் போதும்.

ஆவாரம்பட்டை:
சார் சொல்றது சரிதான். நானே வாங்குறவங்ககிட்ட "ராத்திரி வெளியே எடுத்து வச்சிடுங்க"ன்னு சொல்லித்தான் குடுப்பேன்.

முனீஸ்வரன்கோயில்தெரு:
நடுவுல ஒரு விளம்பரம் இல்லை, தகவல்தான் 🙂 நம்ம பழம்பொருள் கடைக்கு ஒரு தேவகோட்டை வீட்டுப் பெட்டியிலேருந்து கேன்வாஸ் ரிவால்வர் உறை ஒண்ணு வந்திருக்கு. பிரிட்டிஷ் அரசாங்கச் சாமான்ல இருக்குற அகன்ற அம்பு முத்திரை குத்தியிருக்கு, வருசம் 1942. பித்தளைக் குமிழ் பொத்தான் இன்னும் 'டப்'னு மூடுது. அந்த வருசம் பர்மாவுலேருந்து நடந்தே வந்தாங்களே நம்ம ஆளுங்க, அதுல யாரோ கொண்டுவந்ததுன்னு பெட்டிக்காரங்க சொல்றாங்க. நான் சத்தியம் பண்ண மாட்டேன். பரிசுக்கு வேணும்னா சொல்லுங்க.

தேவகோட்டைசுபேதார்:
அது சுவத்துல மாட்ட. பெரிய மூடி வச்ச உறையோட ஒரே நல்ல குணம் மழையும் சேறும் உள்ளே போகாது. எடுக்கிறதுக்குள்ள எதிரி டீ குடிச்சுட்டு வந்துடுவான்.

பிஸ்டல் உறையிலேருந்து விழாம பிடிக்கிற பூட்டு விஷயத்துக்கு வர்றேன். கடையில "லெவல் 2", "லெவல் 3"ன்னு போட்டிருப்பான். அது அரசாங்க முத்திரை இல்லை, தயாரிக்கிறவன் தானே போட்ட கணக்கு. ஒரு கம்பெனியோட 2 இன்னொரு கம்பெனிக்கு 3. எண்ணைப் பார்க்காதீங்க, எந்த விரல் எதை அழுத்தினா திறக்குதுன்னு பாருங்க. கட்டைவிரல் தானா போய் உட்கார்ற இடத்துல பொத்தானோ பட்டையோ இருந்தா நல்லது. ஆள்காட்டி விரலால அழுத்தித் திறக்கிற வகை வேண்டவே வேண்டாம். பதட்டத்துல அழுத்தின விரல் அழுத்தினபடியே இருக்கும், பிஸ்டல் வெளியே வர வர விரல் ட்ரிகர் மேலயே வந்து விழும். பல பயிற்சி நிலையங்கள்ல அதைத் தடுத்தே வச்சிருக்காங்க.

உருவுறதை எல்லாரும் பழகுறாங்க. திரும்பச் செருகுறதை யாரும் பழகுறதில்லை. காலுல சுட்டுக்கிட்டவங்களைக் கேளுங்க, நிறையப் பேரு செருகும்போது சுட்டவங்க. சட்டை நுனி, ஜாக்கெட் கயிறு ஏதாவது ட்ரிகர் வளையத்துல போய் மாட்டும். செருகுறதுக்கு எந்த அவசரமும் இல்லை. குனிஞ்சு பார்த்துச் செருகணும். அதனால உறையோட வாய் தானா மூடிக்கொள்ளாம திறந்தே நிக்கணும். மலிவு நைலான் இதுலதான் தோத்துப்போகும்.

லேன்யார்டு (பிஸ்டல் விழுந்து தொலையாம கட்டுற கயிறு) மாட்ட 1ஏ பிடியில இடது பக்கம் வளையம் இருக்கு. உறை அதை அமுக்காம இருக்கணும்.

பள்ளத்தூர்அக்கா:
எல்லாருக்கும் கோடி நன்றி. எனக்கே இப்போ பாதி புரியுது. ஆவாரம்பட்டை அண்ணன்கிட்ட தோல்ல ஒண்ணு சொல்லிட்டேன், அட்வான்ஸும் குடுத்தாச்சு. வேலைக்கு மாட்ட நைலான்லயோ கைடெக்ஸ்லயோ ஒண்ணு தனியா வாங்கிக்கிறேன். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். தம்பிக்கு இடதுகைப் பழக்கம். அதனால எதுவும் மாறுமா?

இரும்புக்குதிரை:
😐

எல்லைக்காவல்பெண்:
அக்கா…

தேவகோட்டைசுபேதார்:
ஆச்சி, இதை முதல் வரியில சொல்லியிருக்கணும்!

எல்லாமே மாறலாம், எதுவும் மாறாமலும் இருக்கலாம். இடது இடுப்புன்னா சீட் பெல்ட் கொக்கிப் பிரச்சினை போயிடும், ஆனா கதவுப் பக்கம் முட்டும். 1ஏ-வுல சேஃப்டி இடது பக்கம் மட்டும்தான் இருக்கு, வலது கட்டைவிரலுக்காக வச்சது. இடது கையால பிடிச்சா கட்டைவிரல் அதுக்கு எட்டாது. அமெரிக்கா 1985-ல பெரெட்டா எம்9 எடுத்தப்போ கொடுத்த பியாங்கி எம்12 உறையில மூடியைக் கழட்டி ரெண்டு பக்கமும் மாத்தலாம், அவன் இதையெல்லாம் யோசிச்சான்.

ஆனா நான் கேட்கிற கேள்வி வேற. ரைஃபிளை எந்தத் தோள்ல வச்சுச் சுடுறார்? அதைக் கேட்டுச் சொல்லுங்க. வலது தோள்ல சுடுறவன், ரைஃபிள் நின்னுபோனா, இடது கையால அதை இடது பக்கமா இறக்கிவிட்டுட்டு வலது கையால பிஸ்டலை எடுப்பான். பிஸ்டல் இடது இடுப்புல இருந்தா, தொங்குற ரைஃபிள் போய் அதுமேலயே விழும். எழுதுற கையைப் பார்க்காதீங்க. ரைஃபிள் கையைப் பாருங்க.

பள்ளத்தூர்அக்கா:
கேட்டுட்டேன் ஐயா. எழுத்து இடது, பேட்டிங் இடது, சோறு வலது (ஆயா தட்டித் தட்டிப் பழக்கினது). ரைஃபிள் வலது தோளாம். பிஸ்டலும் உஸ்தாத் (பயிற்சி குடுக்கிறவர்) வலது கையிலயே பழக்கிட்டாராம். "இதை எதுக்கு இப்போ கேட்குறே"ன்னு சந்தேகமா கேட்டான். ஒண்ணும் இல்லைன்னுட்டேன்.

தேவகோட்டைசுபேதார்:
அப்போ வலது இடுப்பு, ஜாக்கெட் இடிக்காம பெல்ட்டுலேருந்து நாலு விரக்கடை இறங்கினது, கட்டைவிரல் பூட்டு, ஹை-பவருக்குன்னு வார்த்தது. வண்டியில ஏறும்போது சீட் பெல்ட் பட்டை உறைக்கு முன்னால போகுதா பின்னால போகுதான்னு பத்து தடவை மாட்டிக் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க, பிஸ்டல் இல்லாம, வெறும் உறையோட.

ஆவாரம்பட்டை:
ஆச்சி, மன்னிக்கணும். இடதுகைன்னு நேத்து ஃபோன்ல சொன்னீங்களே, நான் ராத்திரியே இடது பக்கத்துக்கு வெட்டித் தைச்சு, தேக்கு மாதிரியை பாலிதீன்ல சுத்தி உள்ளே வச்சு அமுக்கிக் காயவச்சுட்டேன். அச்சு நல்லா பிடிச்சிருக்கு. ஹேமர் வளைவு கூடத் தெரியுது.

முனீஸ்வரன்கோயில்தெரு:
கவலைப்படாதீங்க. இடது பக்கத்து உறையை வலது இடுப்புல மாட்டினா பிடி முன்னால பார்த்து நிக்கும். அமெரிக்கக் குதிரைப்படை ஒரு காலத்துல அப்படித்தான் கட்டினாங்க. இடது பக்கம் வாள் தொங்கும், வலது கை வாளுக்கு, ரிவால்வர் வலது இடுப்புல பிடி முன்னால பார்த்து.

இரும்புக்குதிரை:
தம்பிகிட்ட வாள் இருக்கா ஆச்சி?

பள்ளத்தூர்அக்கா:
ஆயுத பூஜைக்கு வைக்கிற அரிவாள் ஒண்ணு இருக்கு 😂 அண்ணே, அதை அப்படியே குடுத்துடுங்க. அப்பச்சி அதை முகப்புல மாட்டிக்கிறேன்னு இப்பவே ஆணி அடிக்க இடம் பார்க்குறாக. வலதுக்கு இன்னொண்ணு வெட்டுங்க, அதுக்குத் தனியா காசு தர்றேன்.

ஆவாரம்பட்டை:
தோலுக்கு மட்டும் குடுங்க, கூலி வேண்டாம். வெட்டுறதுக்கு முன்னாடி தம்பியோட பெல்ட் அகலம் எவ்வளவுன்னு அளந்து போடச் சொல்லுங்க. ரெண்டு அங்குலமா, ரெண்டேகாலா? வளையம் தொளதொளன்னா உறை ஆடும்.

பள்ளத்தூர்அக்கா:
ரெண்டேகாலாம். ஸ்கேல் வச்சு ஃபோட்டோ அனுப்பியிருக்கான். கீழே "யாருக்கு அக்கா இதெல்லாம்?"னு வேற கேட்டிருக்கான்.